‘பீற்’ என்ற ஒரு சொல்லும் அதன் மூன்று வேலைகளும்

அன்புடைய குழும உறுப்பினர்களுக்கு வணக்கம்.

திரைக்கதைப் பயிற்சியில் ஓயாமல் அடிபடும் ‘பீற்’ (beat) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழையில் இதுவரை துடிப்பு, அடி, அசை, தரு, நகர்வு, கதைப்படி ஆகியன முன்மொழியப்பட்டுள்ளன. கிளிநொச்சியில் குறும்படம் எடுக்க விரும்பும் இளையவர்களுக்குத் திரைக்கதை எழுத்தைக் கற்பித்து வருபவன் என்ற வகையில் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருப்பதால்தான் இந்த விவாதம் இழுபடுகிறது என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் மூன்று வேறு வேலைகளைச் செய்கிறது. அந்தப் பழக்கத்தையும் சேர்த்து நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை.

முதல் வேலை எளியது. பேச்சின் நடுவே பாத்திரம் ஒரு கணம் பேசாமல் நிற்கிறது என்பதைக் காட்ட, வசனத்துக்கு இடையில் அடைப்புக்குறிக்குள் அந்தச் சொல்லை எழுதுவார்கள். இரண்டாவது, முழுக் கதையின் பெரிய கட்டங்களைக் குறிப்பது. 2005 இல் வெளிவந்த தம் கைந்நூலில் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் பிளேக் சினைடர் ஒரு திரைக்கதையை 15 கட்டங்களாக வகுத்துத் தந்த பிறகு இந்தப் பொருள் எங்கும் பரவிவிட்டது. மூன்றாவது, ஒரு காட்சிக்குள் நிகழும் மிகச் சிறிய நாடக அலகு: ஒருவர் ஏதோ ஒன்றைப் பெறுவதற்காக ஒன்றைச் செய்கிறார் அல்லது சொல்கிறார், எதிரில் இருப்பவர் அதற்கு எதிர்வினை செய்கிறார், அந்தக் கொடுக்கல் வாங்கல் வேறு வகையாக மாறும் இடத்தில் அடுத்த அலகு தொடங்குகிறது. ராபர்ட் மக்கீ போன்ற திரைக்கதை ஆசிரியர்கள் வலியுறுத்துவது இந்த மூன்றாவது பொருளைத்தான். பயிலுநர் தடுமாறுவதும் இங்கேதான்.

துடிப்பு, அடி என்ற இரண்டும் ஆங்கிலச் சொல்லின் வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பிறந்தவை. நடிப்புப் பயிற்சியில் இந்த அலகைப் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தந்த நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி ரஷ்ய மொழியில் பயன்படுத்திய சொல்லுக்குத் ‘துண்டு’ என்றுதான் பொருள். 1936 இல் வந்த அவரது நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது ‘அலகு’ ஆயிற்று. அமெரிக்காவில் கற்பித்த ரஷ்ய ஆசிரியர்களின் உச்சரிப்பில், துண்டு என்று பொருள்படும் ‘பிற்’ (bit) என்பது ‘பீற்’ என்று மாணவர் காதில் விழுந்தது என்றொரு கதையும் நாடக வட்டாரங்களில் வழங்குகிறது. அந்தக் கதை எப்படிப் போனாலும், இதயத்தையும் தாளத்தையும் இங்கே இழுத்து வர வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. ‘ஒவ்வொரு துடிப்பையும் எழுதுங்கள்’ என்று சொன்னால் புதிதாக எழுதுபவர் பரபரப்பைத் தேடத் தொடங்குவார்; பாத்திரங்கள் உரத்துப் பேசும், கோப்பைகள் உடையும், காட்சி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

வவுனியா நண்பர் கூத்திலிருந்து எடுத்துத் தந்த ‘தரு’, முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இனிக்கும். ஆயினும் தரு என்பது பாட்டு. ஒரே தருவுக்குள் பாத்திரங்கள் பலமுறை நிலை மாறலாம். ‘அசை’ மிகவும் கவர்ச்சியான முன்மொழிவு, ஏனெனில் யாப்பில் அது சீரின் உறுப்பாகிய சிறிய அலகு, வினைச்சொல்லாகவோ அசைவைக் குறிக்கிறது. ஆனால் நேரசையும் நிரையசையும் ஒலியின் அளவைச் சொல்பவை. இரண்டு பேருக்கு நடுவே நடப்பது எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. ‘நகர்வு’ தவறில்லை, எனினும் அது ஒருவர் செய்வதை மட்டும் காட்டும் ஒருபக்கச் சொல்.

நான் வகுப்பில் பயன்படுத்தும் ஒரு சிறு காட்சியை இங்கே தருகிறேன். வவுனிக்குளத்துக்குக் கீழே வயற்காணி உள்ள ஒரு வீடு. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தம்பி, காணியைச் செய்துவரும் அக்காவுடன் குசினியில் இருக்கிறான்.

“அக்கா, இந்த முறை சிறுபோகத்துக்குத் தண்ணி விடுவினமோ?”
“கூட்டம் இன்னும் வைக்கேல்லை.”
“அம்மான்ர பேரில இருந்த பெர்மிற் எங்க கிடக்கு?”
“தேத்தண்ணி ஆறுது, குடி.”
“அக்கா, நான் கேட்டது...”
“சீனி காணுமோ?”
“உங்கட பேருக்கு மாத்திறதுக்குத்தான் வந்தனான்.”

பேச்சு ஏழு வரி, அலகு மூன்றுதான். தண்ணீரைப் பற்றிய கேள்வியும் பதிலும் ஒன்று: அவன் சுற்றி வளைக்கிறான், அவள் அளந்து பேசுகிறாள். பெர்மிற்றை, அதாவது காணியின் அனுமதிப்பத்திரத்தை, அவன் கேட்டதும் அடுத்தது தொடங்குகிறது. அவன் நெருங்குகிறான், அவள் தேநீரைக் கொண்டு தடுக்கிறாள். அவன் இரண்டு முறை கேட்டும் அவள் இரண்டு முறை தடுத்தும் செயல் மாறாததால் அந்த நான்கு வரியும் ஒரே அலகாகவே நிற்கின்றன. இந்த இடத்தைத்தான் பயிலுநர்கள் வரிக்கு ஒன்றாகப் பிரித்து எண்ணிவிடுகிறார்கள். கடைசி வரியில் அவன் கேட்பவனாக இருந்து கொடுப்பவனாக மாறுகிறான். அதற்கு அக்கா என்ன செய்யப்போகிறாள் என்பதை எழுதினால்தான் மூன்றாவது அலகு முழுமையடையும்.

இந்தப் பொருளுக்கு நான் முன்வைக்கும் சொல் ‘வினைமாற்று’. பண்டமாற்று என்ற சொல் எல்லோருக்கும் தெரியும்; ஒருவர் ஒன்றைக் கொடுக்க மற்றவர் ஒன்றைக் கொடுப்பதை அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. அதே அமைப்பில் வினைமாற்று என்றால் வினைக்கு வினை கொடுத்தல் என்று புரியும். செயல் மாறும் இடத்தில்தான் எல்லை என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘இந்தக் காட்சியில் வினைமாற்றே இல்லை’ என்று ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்தால் எழுதியவர் எதைத் திருத்த வேண்டும் என்று அறிந்துகொள்வார். படப்பிடிப்பில் கூவிச் சொல்ல நீளமானது என்று மறுப்பு வரலாம். அங்கே ‘இரண்டாவது மாற்றிலயிருந்து எடுப்பம்’ என்று தானாகவே குறுகிவிடும்.

பேசாமல் நிற்கும் கணத்துக்குத் ‘தரிப்பு’ என்பேன். சென்னை நண்பருக்கு இது உடை தரித்தலை நினைவூட்டும் என்பதை அறிவேன், ஆனால் ஏ9 வீதியில் பஸ் தரிப்பிடங்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்குத் தரிப்பு என்றால் சற்று நின்று பிறகு புறப்படுவது. ‘நிறுத்தம்’ என்றால் பேச்சே முடிந்துவிட்டது போலாகிறது. ஈழம், தமிழ்நாடு என்ற இரு கரைகளுக்கும் ஒரே சொல் அமையாவிட்டால் அதற்காக நான் கலங்கப்போவதில்லை. இலங்கையில் உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படித்தவர்களுக்கு ‘எழுத்துரு’ நாடகப் பிரதியாகவும், தமிழ்நாட்டுக் கணினி நண்பர்களுக்கு அதுவே அச்செழுத்தின் வடிவமாகவும் இருந்துவரத்தான் செய்கிறது. சொல் எதுவானாலும் பிரதியில் அதை அடிக்கடி இடக்கூடாது. ‘தரிப்பு’ என்று எழுதும் இடங்களில் பெரும்பாலானவற்றில், அக்கா கோப்பையை எட்டத் தள்ளி வைக்கிறாள் என்று எழுதினால் நடிகைக்கும் ஒளிப்பதிவாளருக்கும் செய்வதற்கு ஏதாவது கிடைக்கும்.

கதையின் பெரிய பகுதிகளுக்குக் ‘கதைப்படி’ என்ற முன்மொழிவு ‘கதையின்படி’ என்ற வழக்கோடு மோதுவதால், ‘கதைக்கட்டம்’ போதும். அவற்றை வரிசைப்படுத்திய தாளைக் ‘கட்டநிரல்’ எனலாம்.

நம் சொற்கோவையில் ‘பீற்’, ‘பீட்’ என்ற இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் தனிப் பதிவுகளாக வைத்து, அங்கிருந்து இந்த மூன்று சொற்களுக்கும் வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யூடியூப்பில் திரைக்கதை கற்கும் பிள்ளைகள் அந்த ஒலியைக் கேட்டுவிட்டுத்தான் நம்மிடம் தேடி வருகிறார்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்