முதல் பவளத் தொட்டி: 40 லிட்டரா, 3 அடியா?

கேள்வி: முதல்முறையாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கிறேன். ஒரு ஜோடி க்ளவுன் மீன், கொஞ்சம் மென்பவளம் போதும். 40 லிட்டர் தாங்குமா?

பதில் 1: 3 அடியே வாங்குங்க. 36×18×18 அங்குலம்னா சுமார் 190 லிட்டர். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. 40 லிட்டரில் 2 லிட்டர் குறைஞ்சா உப்பு 35-லிருந்து கிட்டத்தட்ட 37 பிபிடிக்கு (ஆயிரம் பங்கு கடல்நீரில் உப்பு எத்தனை பங்குங்கிற கணக்கு) ஏறிடும், பவளம் சுருங்கிடும். 190-இல் அரைப் புள்ளிகூட ஏறாது. குறைஞ்ச அளவுக்கு ஆர்ஓ நீர் மட்டும் ஊத்துங்க. உப்புநீர் கூடவே கூடாது.

பதில் 2: தண்ணீர், பாறை, மணல், ஸ்டாண்டு சேர்த்து 300 கிலோ வரும் சார். ரசமட்டம் வெச்சுப் பார்த்துட்டு நிரப்புங்க. கோணினா சிலிக்கான் ஒட்டு விட்டுடும்.

பதில் 3: வாரம் 10% தண்ணீர் மாத்தினா 19 லிட்டர், சுமார் 700 கிராம் உப்பு. கட்டுப்படாதுன்னா 24×18×16 அங்குலத் தொட்டி வாங்குங்க, அதுக்குக் கீழே இறங்காதீங்க. ப்ளூ டாங் மீனுக்கு 3 அடியும் பத்தாது.