எல்க் வேட்டைக்கு 6 நாள் காட்டுக்குள்: எந்த பவர் பேங்க்?

டென்வர்_தறிக்காரன்:
வணக்கம். அக்டோபர் நடுவில், எல்க் (பெரிய மான் இனம்) வேட்டையின் முதல் ரைஃபிள் சீசனுக்கு, அலுவலக நண்பர் ஒருவரோடு கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் வில்டர்னஸ் என்ற மலைக்காட்டுக்குள் போகிறேன். துப்பாக்கியும் அனுமதிச் சீட்டும் அவருடையவை. சமைப்பதும் கறி சுமப்பதும் என் வேலை. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஆறு மைல் நடை, ஐந்து இரவு கூடாரம், உயரம் பத்தாயிரம் அடிக்கு மேல். டவர் கிடையாது. வரைபடத்துக்கும் படம் எடுப்பதற்கும் போன்தான்.

என் சாம்சங்கில் 5,000 எம்ஏஎச் பேட்டரி. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினால் இரண்டு முறை முழுதாக ஏற்றலாம், அது போதும் என்று கணக்குப் போட்டேன். நண்பரோ, முதுகில் சோலார் தகடு ஒட்டிய 50,000 வாங்கு, வெயிலில் மாட்டிக்கொண்டே நடக்கலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பனிமலை_மாமா:
இருவர் கணக்கும் தப்பு தம்பி, உங்களுடையது கொஞ்சம் குறைவான தப்பு.

பெட்டியில் போட்டிருக்கும் 10,000 உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. அதாவது 37 வாட்-ஹவர் (உள்ளே அடங்கும் மின்சக்தியின் அளவு). அதை 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும், போனுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம். உங்கள் போன் பேட்டரி 19 வாட்-ஹவர் சொச்சம். ஆக ஒன்றரை முறைதான் ஏறும். வயர் இல்லாமல் ஒட்டவைத்து ஏற்றும் வகை என்றால் அதுவும் வராது, அதைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நான் எட்டு வருடமாக மொன்டானாவில் எல்க்குக்குப் போகிறேன். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் (ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும்) எனக்கு ஒரு நாளைக்கு 25 சதவீதம் இறங்கும். இல்லாத டவரைப் போன் தேடிக்கொண்டே கிடக்க விட்டால் சாயங்காலத்துக்குள் பாதி காலி. ஆனால் இதெல்லாம் மிருகம் விழாத நாளின் கணக்கு. எல்க் விழுந்த அன்று கதையே வேறு. விழுந்த இடத்தை வரைபடத்தில் குறிக்கணும், தொடை தொடையாக வெட்டிச் சுமந்து நாலைந்து நடை போகணும், அதில் பாதி இருட்டில். போன், ஹெட்லாம்ப் (தலையில் மாட்டும் விளக்கு) இரண்டும் அன்று ஒரே ராத்திரியில் காலியாகும். அந்த ராத்திரிக்குத்தான் பவர் பேங்க் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் 20,000 வேண்டும். ஆனால் ஒரே கட்டியாக வேண்டாம், 10,000 இரண்டு. நைட்கோர் என்பி10000 ஒன்று 150 கிராம்தான், இரண்டும் சேர்ந்தே பல 20,000 பேங்குகளை விட எடை குறைவு. விலைதான் உறைக்கும். ஒன்று உங்கள் சட்டைப்பையில், ஒன்று நண்பரிடம். ஒன்று ஓடையில் விழுந்தாலும் மற்றது இருக்கும்.

இன்னொன்று, குளிர். முதல் வருடம் பையின் மேல் அறையிலேயே பேங்கையும் போனையும் வைத்துவிட்டுத் தூங்கினேன். விடியற்காலை மைனஸ் எட்டு. போன் 30 சதவீதம் காட்டியது, திறந்து வரைபடத்தைத் தொட்டதும் அணைந்துவிட்டது. அக்குளில் வைத்துச் சூடாக்கி உட்கார்ந்திருந்தேன், எல்க் மந்தை அந்தப் பக்கம் இறங்கிப் போயிருந்தது. இப்போது இரண்டும் ஒரு காலுறைக்குள் போய் என்னோடு ஸ்லீப்பிங் பேக்கில் தூங்கும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் செல் கெடும். ஆகவே ஏற்றுவதும் படுக்கைக்குள்தான், நீங்கள் தூங்குவதற்கு முன்.

வாட்_கணக்குப்பிள்ளை:
சோலார் பற்றி. அந்தச் சின்னத் தகடு நல்ல வெயிலில் ஒன்று, ஒன்றரை வாட் தந்தால் பெரிது. 20,000 பேங்க் என்றாலே 74 வாட்-ஹவர், நீங்களே வகுத்துப் பாருங்கள். அக்டோபரில், மர நிழலில், முதுகில் ஆடிக்கொண்டே வரும் தகடு! வெயிலில் பேட்டரியைக் காயவைப்பதும் அதற்கு நல்லதல்ல.

"50,000" பொய்யைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். பல பேங்குகளுக்குள் இருக்கும், விரல் பருமனுள்ள ஒரு 18650 செல் கிட்டத்தட்ட 47 கிராம், பொதுவாக 3,500 எம்ஏஎச் வரைதான். 50,000 வேண்டுமென்றால் செல் மட்டுமே 700 கிராம் தாண்டும். நான் ஒருமுறை ஆன்லைனில் ஏமாந்து வாங்கியது 230 கிராம் இருந்தது. உண்மையிலேயே 50,000 என்றால் அது 185 வாட்-ஹவர், விமானத்தில் ஏற்றவே முடியாது. 100 வாட்-ஹவர் வரை கைப்பையில் கொண்டுபோகலாம், விமானச் சரக்கில் போடும் பெட்டியில் வைத்து அனுப்பக் கூடாது.

சேலத்துப்_பொண்ணு:
மாமா சொன்ன இரண்டு பேங்க் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு என்றால் இரண்டையும் நினைவு வைத்து ஏற்றணும், நான் ஒன்றை மறந்துவிடுவேன். ஒரே 20,000, இரண்டு வயர், அவ்வளவுதான். ஆனால் வயர் இரண்டு கட்டாயம், ஒரு அடி நீளம் போதும். எங்கள் பயணத்தில் பேங்க் நிறைய சார்ஜ், போனும் நன்றாக இருந்தது, வயர் நுனி மட்டும் வளைந்துபோனது.

பழையதை யாரிடமாவது கடன் வாங்குவதாக இருந்தால் மாதிரி எண்ணைப் பாருங்கள். ஆங்கர் பவர்கோர் 10000-இல் ஏ1263 என்ற மாதிரியைத் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக 2025 ஜூனில் அமெரிக்காவில் விற்றவர்களே திரும்பப் பெற்றார்கள், பதினோரு லட்சம் பேங்குகளுக்கும் மேல்.

பனிமலை_மாமா:
மறப்பவர்களுக்கு ஒன்றுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். தம்பி, கார்மின் இன்ரீச் மாதிரி, டவர் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி எடுத்துப்போகிறீர்களா? அதற்கும் ஹெட்லாம்புக்கும் என்ன முனை வயர் என்று பாருங்கள். எல்லாமே டைப்-சி ஆக இருந்தால் வேலை பாதி குறையும்.

டென்வர்_தறிக்காரன்:
நண்பரிடம் இன்ரீச் மினி 2 இருக்கிறது, டைப்-சி. என் ஹெட்லாம்ப்தான் பழைய மைக்ரோ யுஎஸ்பி, அதை மாற்றிவிடுகிறேன். பேங்க் இரண்டு 10,000 ஆர்டர் போட்டாயிற்று. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சோலாரை நண்பர் ஏற்கெனவே வாங்கிவிட்டாராம். அதை அவரே சுமக்கட்டும்.