ராத்திரி தூங்காத போன்

சனி

நான், 9:12: யாராவது உதவுங்கள். பழைய போனில் லினேஜ்ஓஎஸ் (கம்பெனி கொடுத்த ஓஎஸ்ஸுக்குப் பதில் நாமே போடுகிற, கூகுள் சேவை இல்லாத ஆண்ட்ராய்டு) போட்டுப் பத்து நாள் ஆகிறது. நேற்று ராத்திரி 11 மணிக்கு 84 சதவீதம், காலை 6 மணிக்கு 52. நான் தொடவே இல்லை, மேசை மேல் சும்மா கிடந்தது.

அத்தை, 9:14: அப்போதே சொன்னேன், ஓடுகிற வண்டியைப் பிரிக்காதே என்று.

மாமா, 9:15: பேட்டரி செத்திருக்கும். புதுசு போடு.

சித்தப்பா, 9:21: அவசரப்படாதே. பழைய ஓஎஸ்ஸில் ராத்திரி எவ்வளவு குறையும்?

நான்: ஐந்து, ஆறு.

சித்தப்பா: பத்து நாளில் பேட்டரி இவ்வளவு கெடாது. ஏதோ ஒன்று போனைத் தட்டித் தட்டி எழுப்புகிறது. புதிதாகப் போட்ட முதல் ஓரிரு நாள் என்றால் கண்டுகொள்ள மாட்டேன், பின்னால் ஆயிரம் வேலை ஓடும். பத்து நாளுக்குப் பிறகுமா?

அக்கா, 9:30: பேட்டரி பக்கத்தில் எது அதிகம் தின்கிறது என்று காட்டுமே. ஸ்கிரீன்ஷாட் போடு.

நான்: (படம்)

அக்கா: இது பூனை.

நான்: அடடா. இதோ. (படம்)

அக்கா: மொபைல் நெட்வொர்க் முதலிடம். அடுத்து உன் இரண்டு மெசேஜ் ஆப்.

சித்தப்பா, 9:41: இன்று ஃபிளைட் மோடில் போட்டுவிட்டுப் படு. வேறு எதையும் மாற்றாதே. ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

மாமா: அலாரம் அடிக்குமா?

சித்தப்பா: அடிக்கும் அத்தான்.

ஞாயிறு

நான், 6:20: 81இல் வைத்தேன், இப்போது 79!

சித்தப்பா, 6:48: அப்படியென்றால் பேட்டரிக்கு ஒன்றுமில்லை, ஓஎஸ்ஸையும் திட்டாதே. இன்று சிம்மை அணைத்து வைஃபை மட்டும் வை.

திங்கள்

நான், 6:15: 80இலிருந்து 66.

அக்கா, 7:02: அப்போ திருடன் இரண்டு பேர். படுக்கிற அறையில் சிக்னல் எத்தனை கோடு?

நான்: ஒன்று. சில நேரம் அதுவும் இல்லை.

அக்கா: ஒருவன் கிடைத்தான். டவர் சரியாக எட்டாவிட்டால் போன் கத்திக் கத்திப் பேசும், ராத்திரி முழுக்கத் தேடும். ஹாலில் வை.

சித்தப்பா, 7:30: இன்னொருவன் அந்த மெசேஜ் ஆப்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்து டோஸ் என்று ஒன்று உண்டு. திரை அணைந்து போன் அசையாமல் கிடந்தால் ஆப்களின் நெட்டை நிறுத்தி, எப்போதாவது ஒருமுறைதான் திறந்துவிடும். கூகுள் சேவை இருக்கிற போனில் எல்லா ஆப்புக்கும் சேர்த்து ஒரே இணைப்பு, செய்தி வந்தால் அது எழுப்பும். உன் போனில் அது இல்லை. அதனால் ஒவ்வொரு ஆப்பும் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு, தனக்கென ஓர் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கிறது.

அத்தை: தமிழில் சொல்லேன்டா.

சித்தப்பா: அக்கா, வாசலில் ஒரு காவலாளி இருந்தால் தபால் வந்ததும் அவர் கூப்பிடுவார். அவர் இல்லையென்றால் வீட்டுக்கு ஒருவர் ராத்திரி முழுக்கக் கேட்டில் நிற்க வேண்டும்.

அத்தை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நான், 7:44: ஆனால் கூகுள் சேவைக்குப் பதிலாக மைக்ரோஜி போட்டிருக்கிறேனே?

சித்தப்பா: அதற்குள் கிளவுட் மெசேஜிங், அதாவது அந்த ஒரே இணைப்பு, ஆன் ஆகியிருக்கிறதா? சாதனப் பதிவும்?

நான், 7:50: இரண்டும் ஆஃப்.

அக்கா: அட! ஆன் செய். ஆனால் ஏற்கெனவே போட்ட ஆப் தானாக மாறாமல் போகலாம். அழித்துவிட்டு மறுபடி நிறுவு. முதலில் பேக்கப்!

அத்தை: பேக்கப், பேக்கப், பேக்கப். போன தடவை என் படமெல்லாம் போனதை மறக்கவில்லை.

நான், 9:05: முதல் ஆப் சரியாகிவிட்டது. மேலே நிரந்தரமாக நின்ற ‘பின்னணி இணைப்பு’ அறிவிப்பைக் காணோம். இரண்டாவது அசையவில்லை.

சித்தப்பா: அதை எங்கிருந்து எடுத்தாய்?

நான்: எஃப்-டிராய்டு என்கிற ஆப் கடையிலிருந்து.

சித்தப்பா: அதுதான். அங்கே இருப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள், கூகுளின் மூடிய பகுதிகளை நீக்கிவிட்டுத்தான் வரும். அந்த ஆப்புக்குக் காவலாளியைத் தெரியாது. பேட்டரி அமைப்பில் அதன் விலக்கை எடுத்துவிடு. செய்தி தாமதமாக வரும், பரவாயில்லையா?

நான்: அதில் வருவது காலை வணக்கம் மட்டும்தான்.

மாமா: அது நான் அனுப்புவது.

செவ்வாய்

நான், 6:10: சிம், வைஃபை இரண்டும் ஆன், போன் ஹாலில். 83, காலையில் 77.

அக்கா: சூப்பர்.

மாமா, 6:32: நானும் நேற்று ஃபிளைட் மோட் போட்டுப் படுத்தேன். 70இல் வைத்தது 41இல் நிற்கிறது. நான் எந்த ஓஎஸ்ஸும் மாற்றவில்லையே?

சித்தப்பா, 6:40: எத்தனை வருடப் போன் அத்தான்?

மாமா: ஏழு.

சித்தப்பா: பேட்டரி செத்திருக்கும். புதுசு போடுங்கள்.