ஐம்பதில் இரண்டு: பிரதிநிதியா, இலையோரத்து ஊறுகாயா?

ஆய்வகத்தான்:
ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பெரிய முடிவுகளை எடுக்கும் ஆளுகைப் பேரவையில் 50 பேர். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு அது. மாகாண அரசு நியமிப்பவர்கள் 16, ஆசிரியர்கள் 12, மாணவர்கள் 8, பழைய மாணவர்கள் 8, வேந்தர், பல்கலைக்கழகத் தலைவர், அந்தத் தலைவர் நியமிக்கும் இருவர். மிச்சம் இரண்டு இடங்கள் நிர்வாக ஊழியருக்கு. சட்டத்தின் பார்வையில், கற்பிக்காத ஊழியர் எல்லோரும் நிர்வாக ஊழியர்தான். ஆய்வகத் தொழில்நுட்பவியலாளர், கணினிப் பிரிவினர், கொதிகலன் பார்ப்பவர், அனுமதிப் பிரிவில் கோப்பு நகர்த்துபவர் என்று அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டு நாற்காலி. நம்மவர்கள் எத்தனை பேர் இப்படியான வேலைகளில் இருக்கிறார்கள் என்று ஸ்காபரோவில் ஏதாவது கல்யாண வீட்டில் விசாரித்துப் பாருங்கள். இரண்டை நான்காகவாவது ஆக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டேன் தம்பி. இப்போது நூற்றுக்கு நான்கு, நீங்கள் கேட்பது நூற்றுக்கு எட்டு. வாக்கெடுப்பில் இரண்டும் தோற்கும். அது போகட்டும். அந்த நாற்காலியில் அமர்ந்தவர் அதன்பின் உங்கள் ஆள் இல்லை. பல்கலைக்கழகத்தின் ஒட்டுமொத்த நலனுக்குத்தான் அவர் கடமைப்பட்டவர். மூடிய அமர்வில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. தன் சம்பளம் சார்ந்த பேச்சு வந்தால் ஒதுங்க வேண்டும். வாயைக் கட்டிவிட்டுப் பந்தியில் உட்காரவைப்பது மாதிரி.

ரொறன்ரோவின் நிர்வாக, தொழில்நுட்ப ஊழியர்களின் நிலை மாறியது அவர்கள் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தபோதுதான். (எஃகுக்கும் நூலகத்துக்கும் என்ன உறவு என்று என் மனைவி இன்றும் கேட்பாள்.) சேர்ந்த ஆண்டு 1998, கிளையின் எண்ணும் 1998. பேரம்பேசும் மேசையில் ஐம்பதில் இரண்டாக அவர்கள் உட்காருவதில்லை, இரண்டில் ஒரு தரப்பாக உட்காருகிறார்கள்.

ஆய்வகத்தான்:
சம்பளத்தைப் பற்றி நான் பேசவே இல்லையே அண்ணை. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் புதிய ஆய்வுக் கட்டடம் திறந்தார்கள். நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். மறுவாரம் மைனஸ் 80 பாகை உறைபெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனால், ஆய்வறைக் கதவில் ஒன்றுகூட நுழையவில்லை. நிலையோடு கதவைப் பெயர்த்து, சுவரில் கொஞ்சம் இடித்து உள்ளே ஏற்றினார்கள். அதுவரை மாதிரிகளை உலர்பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு நானும் இன்னொருவரும் இரண்டு இரவு காவல் இருந்தோம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பேராசிரியருக்குத் தெரியும். பெட்டியின் அகலம் எனக்குத்தான் தெரியும். வரைபடத்தை யாரும் என்னிடம் காட்டவில்லை.

கணக்குப்பிள்ளை:
கதவின் அகலம் ஆளுகைப் பேரவைக்குப் போகிற விஷயமா? அங்கே போவது மொத்தச் செலவும் கடனும். கதவைப் பார்ப்பது கட்டடத் திட்டக் குழு. அதில் ஊழியருக்கு இடம் கேளுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன். மாடி ஒழுகுகிறது என்று சொல்ல நாடாளுமன்றத்துக்குப் போகிறீர்கள்.

பழைய கந்தோர்:
இலங்கையில் ஒரு பல்கலைக்கழகக் கந்தோரில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்தவள் நான். அங்கே 1978-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கச் சட்டப்படி பேரவை அமைகிறது. உபவேந்தர், பீடாதிபதிகள், கல்விச் சபையான மூதவை தெரிவுசெய்யும் இருவர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிப்பவர்கள். கல்விசாரா ஊழியருக்கு ஒரு கதிரைகூட இல்லை. 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் இழுபட்டது நினைவிருக்கிறதா? உள்ளே கதவில்லாதவர்கள் வாசலில்தான் நிற்பார்கள். உங்களுக்கு இரண்டாவது இருக்கிறது. அதை ஊறுகாய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
அக்கா, அந்த வேலைநிறுத்தம் சம்பளத்துக்கும் கொடுப்பனவுக்கும். பேரவையில் இரண்டு பேர் இருந்திருந்தால் கொழும்பில் திறைசேரி பணப்பையைத் திறந்திருக்குமா?

பழைய கந்தோர்:
திறந்திருக்காது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

வடக்கத்தியான்:
வட ஒன்ராறியோவின் சட்பரியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் லோரன்சியன் பல்கலைக்கழகத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். 2021 பெப்ரவரி 1 அன்று கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. கனடாவில் ஒரு பொதுப் பல்கலைக்கழகம் அப்படிப் போனது அதுவே முதல்முறை. ஏப்ரலில் 69 பாடநெறிகள் நிறுத்தப்பட்டன, ஏறத்தாழ 200 பேர் வேலை இழந்தார்கள். யோசிக்காமல் கட்டிய கட்டடங்களே மூல காரணம் என்று ஒன்ராறியோவின் கணக்காய்வாளர் நாயகம் 2022-இல் எழுதினார். ஆய்வு மானியப் பணமும் அன்றாடச் செலவுப் பணமும் தனித்தனியாக வைக்கப்படாமல் கலந்து கிடந்தன. அந்தப் பதிவுகளை நாளும் போட்டவர்கள் யார்? பேரவைக்கு வந்த தொழிலதிபர்களா, எழுதுவினைஞர்களா?

கணக்குப்பிள்ளை:
நல்ல உதாரணம், ஆனால் என் பக்கம் சாய்கிறது. எழுதுவினைஞர் பேரவையில் இருந்திருந்தாலும் மேலிடம் கட்டிக் கொடுத்த கோப்பைத்தான் பார்த்திருப்பார். கேள்வி கேட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை எட்டரைக்கு அதே நிதி அதிகாரியின் கீழ் போய் உட்கார வேண்டியவர் அவர். அரசு நியமித்த வழக்கறிஞருக்கு அந்தப் பயம் இல்லை. நாற்காலி கொடுத்தீர்கள், முதுகெலும்பை எங்கே வாங்குவது?

ஆய்வகத்தான்:
ஸ்கொட்லாந்தில் வாங்கினார்கள். அங்கே 2016-ஆம் ஆண்டு உயர்கல்வி ஆளுகைச் சட்டம், ஊழியர் எல்லோரும் வாக்களித்துத் தெரிவுசெய்யும் இருவரோடு நிறுத்தவில்லை. ஆசிரியர் சங்கங்கள் நியமிக்கும் ஒருவர், உதவி ஊழியர் சங்கங்கள் நியமிக்கும் ஒருவர் என்று மேலும் இரண்டு இடம் வைத்தது. அந்த ஒருவர் கேள்வி கேட்டால் பின்னால் ஒரு சங்கம் நிற்கிறது.

நம்மிடம் 1971 சட்டத்துக்கு முன், பல்கலைக்கழக ஆளுகையை ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை மாணவருக்கும் ஆசிரியருக்கும் சம இடம் தரச் சொன்னது. சட்டம் வந்தபோது எட்டுக்குப் பன்னிரண்டு. மாணவர்கள் அந்தச் சம இடத்துக்காகப் போராடினார்கள். சமநிலை என்ற சொல்லே அந்த இரு தரப்புக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நமக்கு வந்தது சாப்பாடு முடிகிற நேரத்துப் பாயசம்.

கணக்குப்பிள்ளை:
பிடித்தேன். சங்கம் பின்னால் நின்றால்தான் நாற்காலிக்குப் பலம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் முதலில் இருந்து சொல்வது வேறென்ன? 2021 ஜூலையில் ரொறன்ரோ, குவீன்ஸ், குவெல்ஃப் மூன்றும் சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள். அதன் பொறுப்பை முதலாளி தரப்பும் ஊழியர் தரப்பும் பகிர்ந்துகொள்கின்றன. சங்கங்கள் உட்கார்ந்து பேசி வாங்கிய இடம் அது.

வடக்கத்தியான்:
ஓய்வூதியப் பணத்தை எங்கே போடலாம் என்று நம் ஆளிடம் கேட்கலாம், கட்டடம் கட்டலாமா என்று கேட்கக் கூடாது. இதில் என்ன நியாயம் அண்ணை?

கணக்குப்பிள்ளை:
கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டால் போதும் என்று நினைப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

பழைய கந்தோர்:
ஒன்று கேட்கலாமா தம்பி? உங்களுக்கு நான்கு வேண்டும் என்கிறீர்கள். இருக்கிற இரண்டுக்கு நீங்கள் எப்போதாவது போட்டியிட்டீர்களா?

ஆய்வகத்தான்:
இந்தக் கேள்வி வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். இல்லை அக்கா. போனமுறை படிவத்தை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்று வருடப் பதவி. மீதி 49 பேருக்கு முன்னால் எழுந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பதை நினைத்தபோதே நா ஒட்டிக்கொண்டது. உறைபெட்டியைப் பற்றி என்றால் இரண்டு மணி நேரம் பேசுவேன். வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி என்னத்தைக் கேட்பது?

பழைய கந்தோர்:
உறைபெட்டியைப் பற்றியே கேளுங்கள். அதற்கு எவ்வளவு செலவு, சுவர் இடிக்க எவ்வளவு, யார் ஒப்பமிட்டது என்று. அதுதானே வரவுசெலவுத் திட்டம்.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொல்வது சரி, அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. தம்பி, நானும் உங்கள் வாக்காளர் தொகுதியில்தான் இருக்கிறேன். அடுத்த முறை படிவத்தை என்னிடம் கொண்டுவாருங்கள், முன்மொழிகிறேன். வாக்குப் போடுவேனா என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.