எரிந்த கரட்டில் ஆடுகள்: செங்கம் பக்கத்தில் கண்டவை

திருவண்ணாமலை மாவட்டம் செங்கத்தைச் சுற்றியுள்ள கரடுகளில் (சிறு பாறைக் குன்றுகளில்) பங்குனி, சித்திரையில் தீப்பிடிப்பது வழக்கம். காய்ந்த மஞ்சம்புல் எரிந்துபோனால் கோடை மழையில் இளந்தளிர் கிடைக்கும் என்று வைக்கப்படும் தீயும் உண்டு. அணைக்காமல் எறிந்த பீடித் துண்டால் பற்றுவதும் உண்டு. இச்சரிவுகளில் செடிவகைகள் குறைந்ததற்குத் தீ காரணமா, மேய்ச்சல் காரணமா என்று கேட்பவர்களிடம், ஒன்றை அடுத்து மற்றொன்று எவ்வளவு விரைவில் வருகிறது என்பதைப் பாருங்கள் என்றே சொல்வேன்.

எரிந்த இடத்தில் ஒரு புல் தூரை விலக்கிப் பார்த்தால், வெளித்தாள்கள் கரியாகியிருக்க, மண்ணையொட்டிய குருத்து வெளிறிய பச்சையாக உயிரோடு இருப்பது தெரியும். தண்ணீர்விட்டானும் செங்காந்தளும் கிழங்கிலிருந்து மீண்டும் எழுகின்றன. உசிலங்கன்று அடித்தண்டிலிருந்து துளிர்க்கிறது. ஊசிப்புல்லின் விதையை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு நீர் விட்டால், அதன் நீண்ட வால் முறுக்கவிழ்ந்து சுழல்வதைக் காணலாம். அவ்வாறு மண்ணைத் துளைத்து இறங்கிய விதையைத் தரைக்கு மேல் ஓடும் நெருப்பு எளிதில் தொடுவதில்லை.

கேடு அதன் பின்னரே நேர்கிறது. வேரில் சேமித்த உணவைச் செலவழித்துத் தூர் விடும் முதல் தளிரை ஆடுகள் கடித்துவிட்டால், மறுபடியும் வேரிலிருந்தே உணவை எடுக்க வேண்டியிருக்கிறது. இது இரண்டு, மூன்று முறை நடந்தால் தூர் செத்துவிடுகிறது, வெறுமையான சரிவில் மழை சாம்பலோடு மேல்மண்ணையும் விதைகளையும் அடித்துச் செல்கிறது. உசிலந்துளிரை ஆடுகள் விடுவதில்லை. ஆவாரை, விராலி ஆகியவற்றை ஒதுக்கிவிடுகின்றன. இவ்வாறு சில ஆண்டுகள் எரிந்து, உடனே மேய்க்கப்பட்ட சரிவுகளில் இப்போது ஆவாரையும் விராலியுமே மிகுந்து நிற்கின்றன. சீமைக்கருவேலம் நுழைந்த இடங்களின் நிலை இன்னும் மோசம்: அதன் நெற்றைத் தின்ற கால்நடைகளே சாணத்தின் வழியாக விதையைப் பரப்புகின்றன, எரித்தாலும் அது அடியிலிருந்து தழைக்கிறது.

இதனால் ஆட்டையும் தீயையும் அடியோடு விலக்கிவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. வேலியிட்டு மூடப்பட்ட ஒரு சரிவில் மஞ்சம்புல் இடுப்பளவு உயர்ந்து, அதன் நிழலில் விஷ்ணுகிரந்தி போன்ற சிறு பூண்டுகள் அருகிப்போனதைக் கண்டிருக்கிறேன். அங்கே சேர்ந்திருக்கும் சருகில் தீ விழுந்தால் அது மிகக் கடுமையாகவே எரியும். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் 1974இல் சரணாலயம் அமைந்தபின், சருகை மட்டும் எரிக்கும் மென்தீ நின்றுபோனதே உண்ணிச்செடி என்னும் அயல் களை பெருகக் காரணம் என்று அங்குள்ள சோளகர் பழங்குடியினர் கூறிவருகின்றனர். காட்டோடு வாழ்ந்தவர்களின் அந்தக் கணிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கொங்குநாட்டில் கொறங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்களில், கிளுவை முள்வேலியிட்ட பகுதிகளுக்கிடையே மாடுகளை மாற்றி மாற்றி மேய்ப்பதால் கொழுக்கட்டைப்புல் நிலைத்திருக்கிறது. அவை தனியார் நிலங்கள். கரடோ ஊருக்குப் பொது. எரிந்த பகுதியைக் குறைந்தது ஒரு மழைக்காலம், புல் விதை உதிர்க்கும் வரையாவது விட்டுவைக்கலாமே என்று ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "மல்லாட்ட நெலத்துல நிக்கும்போது ஆட்ட எங்க ஓட்டுறது தம்பி?" என்றார். அவர் கேட்டது நியாயம். மல்லாட்டை என்று அவர் சொன்ன மானாவாரி நிலக்கடலை அறுவடையாகும் வரை அவருக்குக் கரட்டை விட்டால் வேறு மேய்ச்சல் இல்லை. ஆகவே எரியாத சரிவு ஒன்றை ஆடுகளுக்கென முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் எரிந்ததை மூடச் சொல்லிக் கேட்க முடியும்.