மாத்திரை எடுத்தும் தீராத மனச்சோர்வு: வேறு என்ன செய்யலாம்?

கேள்வி: அண்ணன் மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறார், பாதிதான் தேறியிருக்கிறார். கூடவே செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை மாத்திரை கொடுக்கலாமா?

பதில் 1: தயவுசெய்து வேண்டாம். இரண்டும் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டும். நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), கருத்தடை மாத்திரைகளின் வேலையையும் அந்த மூலிகை கெடுக்கும். முதலில் டிஎஸ்ஹெச் (தைராய்டு), வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வுதான்.

பதில் 2: மருந்தோடு சேர்த்துச் செய்ய நல்லது நேரம் குறித்த சின்ன வேலைகள். காலை 7 மணிக்கு 10 நிமிட நடை போதும். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் என்றால் சீக்கிரமே விட்டுவிடுவார். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் வராது. செய்யச் செய்யத்தான் வரும். நடந்ததும் மனநிலைக்கு 10க்கு எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்ட உதவும்.

பதில் 3: மாத்திரையைத் திடீரென நிறுத்த விடாதீர்கள், தலைசுற்றும். சாகலாம் என்று பேசினால் தனியே விடாமல் உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.