கோடியக்கரையில் நடையா, வண்டியா?

உப்பளத்தான்:
கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் வண்டிகளைத் தடை செய்துவிட்டு நடைக்கும் சைக்கிளுக்கும் மட்டும் அனுமதி தர வேண்டும். 1967-ல் அறிவித்ததே வெளிமானுக்காகத்தான். ஈரப் புல்வெளியில் ஜீப் இறங்கினால் மண் இறுகும், மழைநீர் பரவாமல் டயர் பள்ளத்திலேயே தேங்கும். அங்கே புல் லேசில் திரும்ப வராது.

கானல்:
அண்ணே, அது பாதையை விட்டு இறங்கும் வண்டியின் குற்றம். பாதையிலேயே மெல்லப் போகும் வண்டியை வெளிமான் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆள் இறங்கி நிமிர்ந்து நின்றால்தான் கூட்டமே துள்ளி ஓடும். படம் எடுக்கவும் வண்டிதான் வசதி. ஜன்னல் விளிம்பில் மணல்பை போட்டு 400 எம்எம் லென்ஸைச் சாய்த்தால் போதும். இன்ஜினை அணைக்காவிட்டால் அதிர்வில் படம் கலங்கும். வெயில் ஏறிவிட்டால் சூட்டில் காற்று நெளியும், அந்தக் கானலில் எந்த லென்ஸும் உதவாது.

உப்பளத்தான்:
வெளிமானுக்குச் சரி. உப்புக்கொத்தி, ஆலா போன்ற கரைப்பறவைகள் கோடையில் வெறுந்தரையில் முட்டையிடுமே? மண்நிற முட்டை டிரைவர் கண்ணில் படவே படாது.

கானல்:
நடப்பவர் கண்ணில் மட்டும் படுமா? மிதிக்காவிட்டாலும், ஆள் பக்கத்தில் நிற்கும்வரை தாய்ப்பறவை திரும்பாது. உச்சிவெயிலில் கொஞ்ச நேரத்திலேயே கரு வெந்துவிடும். கோடையில் அந்தத் திடலில் காலும் கூடாது, டயரும் கூடாது.

சேற்றுவழி:
இரண்டு பேரும் பூநாரையை மறந்துவிட்டீர்கள். அது இரை தேடும் உப்புச் சதுப்பில் பெரிய தொல்லை நடந்து போகிறவர்கள்தான். பூநாரை சில அடி ஓடித்தான் எழும்பும், ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் தின்ற சக்தி வீணாகிறது. தலையைத் தண்ணீரிலிருந்து தூக்கி எல்லாம் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும், அசையாமல் நின்றால் மட்டும் போதாது. கரைமேல் நிற்காமல் சரிவில் உட்கார்ந்து, முக்காலி ஸ்டாண்டில் 20-60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் (தொலைநோக்கி) வைத்துப் பார்க்கலாம். உப்புப் பொருக்கு கெட்டியாகத் தெரியும், அடியில் முழங்கால் சேறு. கம்பால் குத்திப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள்.

உப்பளத்தான்:
சதுப்பில் கரையோடு நிற்பதை ஏற்கிறேன். புல்வெளியில் வண்டியை இன்னும் ஏற்கவில்லை. சீமைக்கருவேலம் ஏறி ஏறித் திறந்தவெளி சுருங்குகிறது. வெட்டினால் தழைக்கிறது, தூரோடு பிடுங்க வேண்டும். காயைத் தின்னும் குதிரைகள் சாணத்தில் விதையைப் பரப்புகின்றன. மான் விலகி ஓட இடமே குறையும்போது, பாதையில் வண்டிகள் வரிசையாக நின்றால் அது எந்தப் பக்கம் போகும்?

கானல்:
அப்படியானால் ஒரு நேரத்தில் இத்தனை வண்டிதான் என்று வரம்பு வையுங்கள். நடையைத் திறந்துவிட்டால் ஆட்கள் பாதையிலேயே நிற்பார்கள் என்று யார் உறுதி தருவது?